நாட்டுச் சிவப்பு

ஆல்ப்ஸ் மலைச்சரிவில் ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சில நூறு புட்டிகள் மட்டும் நிரப்பி விற்கும் சிவப்பு ஒயின் என்றால், புட்டியோடு ஒரு கதையையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கிறது. பாட்டன் முப்பாட்டன் காலத்துக் கொடி, அதைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த வம்சம், வெளியுலகக் காற்றுப் படாத நிலவறை என்று அந்தக் கதை போகும். சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் விளையும் கொர்னாலின் ஒயினைப் பற்றியும் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. கொடி பழையது என்பதில் ஐயமில்லை. மரபணுச் சான்றே இருக்கிறது. கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள் என்ற பகுதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கொடியைப் பிழைக்க வைத்தது பக்தியைவிடப் பாகப்பிரிவினைதான் என்பது என் கட்சி. பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட்டுப் பங்கிட்டுத் துண்டு துண்டாகிப் போன நிலத்தை, முன்னேற்றத்துக்கு வந்த நோய் என்றே வேளாண் அதிகாரிகள் நெடுங்காலம் பார்த்தார்கள். சந்தைக்கு ஒவ்வாத ஒரு திராட்சைக்கு ஒதுங்க இடம் கொடுத்தது அதே துண்டு நிலம்தான்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். ரோன் ஆறு ஜெனீவா ஏரியில் விழுவதற்கு முன் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு நீண்ட பள்ளத்தாக்கில் ஓடுகிறது. வடக்கே பெர்ன் ஆல்ப்ஸ், தெற்கே பென்னைன் ஆல்ப்ஸ். இரண்டு சுவர்களும் மழை மேகத்தைத் தடுத்துவிடுவதால் பனிமலைகளின் நடுவே இருந்தும் இது வறண்ட நாடு. தலைநகர் சியோனில் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை 600 மில்லிமீட்டர் அளவுதான். ஆகவே ஆற்றின் வடகரையில், தெற்கு வெயிலைப் பார்த்த சரிவுகளில், சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாக மண் நிரப்பித் தோட்டம் போட்டார்கள். மழையில் அடித்துக்கொண்டு போன மண்ணைக் கீழிருந்து கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மறுபடி மேலே கொட்டுவதும் வேலையின் ஒரு பகுதி. தண்ணீர் பனியாற்றிலிருந்து வந்தது. பீஸ் என்று அழைக்கப்படும் வாய்க்கால்களைப் பாறையைக் குடைந்தும், செங்குத்தான இடங்களில் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டும் கொண்டுவந்தார்கள். சியோனுக்கு அருகே திராட்சைத் தோட்டங்களுக்குப் பாயும் கிளாவோ வாய்க்கால் 1453இல் வெட்டப்பட்டது. யாருக்கு எத்தனை மணி நேரம் முறைத் தண்ணீர் என்பதை மரக்கட்டையில் வெட்டுக்குறி போட்டு வைத்திருந்தார்கள். கட்டையின் ஒரு முகத்தில் குடும்ப முத்திரை, மற்றொன்றில் நேரத்துக்கான கீறல்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் தன் பங்கைத் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சமூகத்தில் ஒயின் அரிய பொருளாக இருந்ததில்லை. ரை ரொட்டி, பாலாடைக்கட்டியோடு அதுவும் ஓர் உணவு. மேலே 1,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருந்த ஊர்களில் திராட்சை விளையாது என்பதால், மலைமேல் குடியிருந்தவர்கள் கீழே பள்ளத்தாக்கில் ஒரு துண்டுத் தோட்டம் வைத்திருந்தார்கள். அனிவியே பள்ளத்தாக்கின் மக்கள் இதற்குப் பேர்போனவர்கள். பிரெஞ்சுப் புவியியலாளர் ழான் புரூன் 1910இல் வெளியிட்ட மானிடப் புவியியல் நூலில் அவர்களுக்குத் தனி இடம் தந்தார். வசந்தம் பிறந்ததும் குடும்பம், கோவேறு கழுதை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றோடும் சியேர் ஊருக்கு இறங்குவார்கள். அங்கே அவர்களுக்கென்று தனிக் குடியிருப்புகளே இருந்தன. பாதிரியாரும் பள்ளி ஆசிரியரும்கூட உடன் இறங்கிவிடுவார்கள். ஊர்ப் பொதுத் தோட்டத்தைக் கொத்தும் நாளில் புல்லாங்குழலும் முரசும் முன்னே போகும். பிறகு மேய்ச்சலுக்கு மேலே, அறுவடைக்குக் கீழே, மறுபடி மேலே. ஒரு வீட்டுக்குக் கீழே கொடி, நடுவில் ரை வயல், அதற்கு மேல் வைக்கோல் புல், உச்சியில் மேய்ச்சல் உரிமை என்று எல்லா உயரத்திலும் ஒரு பிடி நிலம் தேவைப்பட்டது. ஓர் உயரத்தில் பனி அடித்தால் இன்னோர் உயரம் கைகொடுக்கும். ஆகவே சொத்தைப் பங்கிடும்போதும் ஒவ்வொரு துண்டையும் எல்லாப் பிள்ளைகளுக்கும், பெண்களுக்கும் சேர்த்து, வெட்டிக் கொடுத்தார்கள். திருமணத்தில் துண்டுகள் சேரும், சாவில் மறுபடி பிரியும். இதன் விளைவு இன்றும் கணக்கில் தெரிகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வலேயில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டத்துக்கு 20,000 பேரை ஒட்டி உரிமையாளர்கள் இருந்தார்கள். ஆளுக்குக் கால் ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 60 சென்ட். அதுவும் ஒரே இடத்தில் இருக்காது. (சையோன் ஊரில் கள்ள நாணயம் அடித்த ஃபரினேயின் நினைவாக 1980இல் மூன்றே கொடிகள் கொண்ட ஒரு தோட்டம் அமைத்தார்கள். பரப்பு இரண்டு சதுர மீட்டருக்கும் குறைவு. இப்போது அதன் உரிமையாளர் தலாய் லாமா. வேடிக்கைக்காகச் செய்ததுதான் என்றாலும் வலேக்காரர்களுக்கு அது அவ்வளவு பெரிய வேடிக்கையாகத் தோன்றியிருக்காது.)

இனி கொடிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இங்கே குடித்த சிவப்பு ஒயினுக்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. பிரெஞ்சு பேசியவர்களுக்கும் ஜெர்மன் பேசியவர்களுக்கும் அது வெறும் நாட்டுச் சிவப்பு; இன்று கொர்னாலின் எனப்படுவது அதுதான். பழைய தோட்டத்தில் கொடிகளைப் புதிதாக நடுவது அரிது. வயதான கொடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போடுவார்கள். வேர்விட்ட இடத்தில் அதே கொடி மறுபடி தலைதூக்கும். தோட்டத்தை வரிசை வரிசையாகத் தோண்டிப் பதியம் போட்டுக்கொண்டே போனால், ஒரு சுற்று முடிவதற்குள் முதல் வரிசைக்கு வயதாகிவிடும். இதில் ஒரு விளைவு உண்டு: தோட்டக்காரன் எந்த வகையை வைப்பது என்று முடிவெடுக்கவே வேண்டியதில்லை. தாத்தா தோட்டத்தில் கலந்து கிடந்த கறுப்பும் வெள்ளையும் அப்படியே பேரனுக்கும் கிடைக்கும். இதைப் பாரம்பரியப் பற்று என்று இப்போது நாம் பெயர் சூட்டுகிறோம். அன்று அது செலவில்லாத வழி, அவ்வளவுதான்.

அந்த வழியை முதலில் ஆட்டம்காண வைத்தது ரயில். 1860இல் சியோனுக்கும் 1868இல் சியேருக்கும் தண்டவாளம் வந்துசேர்ந்தது. விற்பதற்கு வெளியூர்ச் சந்தை கிடைத்ததும், விற்கக்கூடிய திராட்சைகளுக்கு மவுசு வந்தது. ஃபாந்தான் என்ற பெயரில் விற்ற ஷாஸ்லா வெள்ளையும், பர்கண்டியிலிருந்து வந்த பினோ நுவார் சிவப்பும் பரவின. ஆனாலும் பதியம் போடும் வழக்கம் தொடர்ந்தவரை பழைய கொடிகளைப் பிடுங்க எந்த அவசரமும் இல்லை. அவசரத்தைக் கொண்டுவந்தது ஃபில்லாக்சரா. வேரை உறிஞ்சிக் கொல்லும் இந்த அமெரிக்கப் பூச்சி பிரான்சை அழித்துச் சில பத்தாண்டுகளுக்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலேயை எட்டியது. அதற்கு ஒரே மருந்து, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக் கட்டுவது. ஒட்டுக்கொடியைப் பதியம் போட முடியாது. போட்டால் மேல்பகுதி தன் சொந்த வேரை விட்டுப் பூச்சிக்கே இரையாகும். ஆக, தோட்டங்களை அடியோடு தோண்டி, நாற்றங்காலில் காசு கொடுத்துக் கன்று வாங்கி நட வேண்டியதாயிற்று. எந்த வகை என்ற கேள்வி எல்லோர் முன்னாலும் வந்து நின்றது அப்போதுதான். காசு கொடுத்து வாங்குபவன் நாட்டுச் சிவப்பை ஏன் கேட்கப்போகிறான்?

கேட்காததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. கொர்னாலின் ஒரு முரண்டு பிடித்த கொடி. ஓராண்டு கொத்துக் கொத்தாகக் காய்க்கும், அடுத்த ஆண்டு கைவிரிக்கும். காய்ப்பு மிகுந்த ஆண்டில் கொத்துகளை வெட்டிக் கழிக்காவிட்டால் சாறு நீர்த்து, நிறமும் வராது. பினோ நுவார் பழுத்து அறுவடையான பிறகும் இது காத்திருக்க வைக்கும்; மலைநாட்டில் அந்த இரண்டு மூன்று வாரத்தில் பனி அடிக்குமா, அழுகல் வருமா என்று யாருக்கும் தெரியாது. வெயில் நேரடியாகப் பட்டால் பழம் வெந்துபோகும். வைரஸ் நோய்களும் எளிதில் தொற்றும். இவ்வளவையும் பொறுத்து நல்ல இடத்தில் நல்ல ஆண்டில் விளைந்தால் கருஞ்சிவப்பு நிறம், செர்ரிப் பழமும் கிராம்பும் கலந்த மணம், நாக்கை உலுக்கும் புளிப்பு எல்லாம் வரும். ஆனால் நிலக்கரி விலையிலும் பள்ளிக் கட்டணத்திலும் வாழ்க்கையை அளக்கிற குடும்பத்துக்கு நல்ல ஆண்டு மட்டும் போதாது. 1930இல் மாநில அமைச்சர் மொரீஸ் த்ருவாயேயின் முன்முயற்சியில் ப்ரொவான் கூட்டுறவு தொடங்கியபோது சின்ன விவசாயிக்கு முதல்முறையாக உறுதியான கொள்முதல் கிடைத்தது. துண்டு நிலக்காரன் திராட்சையைக் கொண்டுபோய்க் கொட்டி, எடைக்கும் சர்க்கரைக்கும் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பல குடும்பங்களைக் காப்பாற்றிய ஏற்பாடு அது. குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு பெரிய தொட்டியில் எல்லோருடைய பழத்தையும் சேர்த்து ஊற்றும் இடத்தில் ஆண்டுதோறும் ஒரே சீராகக் காய்க்கும் கொடிக்குத்தான் மதிப்பு. பினோ நுவாரும் காமேயும் கலந்த தோல் என்ற சிவப்பு ஒயின் வலேயின் முகமாயிற்று. 1970 வாக்கில் நாட்டுச் சிவப்பு சில ஹெக்டேராகச் சுருங்கி, மாநிலத்தின் நடுப்பகுதியில், சியேர், லொய்க் போன்ற இடங்களைச் சுற்றி எஞ்சியிருந்தது.

எஞ்சியது ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. பத்து ஏக்கர் ஒரே தோட்டமாக வைத்திருப்பவன் ஒரு வகையைத் தேர்ந்தால் பத்து ஏக்கரும் அதுவாகிவிடும். கணக்குப் பார்த்தால் கொர்னாலின் அங்கே ஒருநாளும் நிற்காது. ஏழெட்டு இடங்களில் சிதறிய துண்டுகளை வைத்திருப்பவனின் கணக்கு வேறு. சாலையோரத் துண்டில் பினோ நட்டுக் கூட்டுறவுக்குக் கொடுப்பான். சுவருக்கு மேலே கழுதைகூட ஏறாத 300 சதுர மீட்டர் மூலையைத் தோண்டி ஒட்டுக்கொடி நட ஆள்கூலியே கட்டாது. அந்தத் துண்டு இவனுக்கும் இவன் தங்கைக்கும் பொதுவாக இருந்தால் தோண்டுவதற்கு முன் இருவர் சம்மதம் வேண்டும், செலவைப் பகிர வேண்டும். பேச்சு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அந்த மூலையில் விளைவது வீட்டுக் குடிப்புக்கு. ஓராண்டு காய்க்காவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை; வேறு துண்டில் விளைந்ததைக் குடித்துவிட்டுப் போகலாம். முரண்டு பிடித்த கொடியைச் சகிக்கும் வசதி, சிதறிய சிறு நிலத்துக்கு இருந்தது போல ஒன்றுசேர்ந்த பெருநிலத்துக்கு இல்லை. சில நூறு புட்டி என்ற அளவின் மர்மமும் இங்கேயே தீர்கிறது. இப்படிப்பட்ட சரிவில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் திராட்சை எடுத்தால், கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு புட்டி என்ற கணக்கில் 300 சதுர மீட்டர் தருவது அவ்வளவுதான். அது கைவினைஞனின் பிடிவாதம் என்று சொல்லப்படுகிறது. பெரும்பகுதி பத்திரப்பதிவேட்டின் வேலை.

இதற்கு மறுப்புகள் உண்டு. கொடிகளைக் காத்தது திருச்சபை என்பது முதலாவது. வலே ஒயின் வரலாற்றின் பழைய ஆவணங்களில் தலையானது 1313ஆம் ஆண்டின் அனிவியே பதிவேடு. உமாஞ், ரேஸ், நெய்ருன் என்ற மூன்று திராட்சைப் பெயர்கள் அதில் வருகின்றன. இத்தகைய ஏடுகளை எழுதியதும் பாதுகாத்ததும் பெரும்பாலும் எழுத்தறிந்த குருமாரும் நோட்டரிகளும்தான். சியோன் ஆயரும் பெரிய செயின்ட் பெர்னார்ட் மடமும் நிறையத் தோட்டம் வைத்திருந்தார்கள் என்பதும் மெய். ஆனால் ஏட்டில் எழுதியவரும் கொடியைக் காத்தவரும் ஒருவரே என்று நினைப்பது ஆவணக்காரர்களின் பழைய பிழை. குடியானவன் பதியம் போட்டதற்கு ஏடு கிடையாது, அதனால் அவன் போடவில்லை என்றாகாது. மேலும் 1847இல் சோண்டர்புண்ட் உள்நாட்டுப் போரில் கத்தோலிக்க மாநிலங்கள் தோற்றபின், வலேயில் ஆட்சிக்கு வந்த ராடிகல் கட்சி போர்க்கடனை அடைக்க 1848இல் திருச்சபைச் சொத்துகளை அரசுடைமையாக்கியது. மடத்துத் தோட்டம்தான் கொடியின் காவல் என்றால், ஃபில்லாக்சராவும் கூட்டுறவும் வந்த அடுத்த நூற்றாண்டில், கொடி மிகவும் நெருக்கப்பட்ட காலத்தில், அந்தக் காவல் பலம் குன்றியிருந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது: கொர்னாலின் என்ற ஒன்றே அண்மைக்காலக் கற்பனை என்கிறது. பெயரைப் பொறுத்தவரை இது சரி. 1972இல்தான் நாட்டுச் சிவப்புக்குக் கொர்னாலின் என்று பெயர் வைத்தார்கள். அதுவும் இரவல் பெயர். மலைக்குத் தெற்கே இத்தாலியின் அவோஸ்தா பள்ளத்தாக்கில் வேறொரு திராட்சைக்கு வழங்கியது. இந்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் வலேயைச் சேர்ந்த மரபணு ஆய்வாளர் ஜோசே வுய்யாமோஸும் அவர் சகாக்களும் கொடிகளின் மரபணுவை ஒப்பிட்டபோது குழப்பம் முழுதாக வெளிப்பட்டது. வலேயின் நாட்டுச் சிவப்பு, அவோஸ்தாவின் பெத்தி ரூழ், மயோலே என்ற இரு திராட்சைகள் இயல்பாகக் கலந்து பிறந்த பிள்ளை. அவோஸ்தாவின் உண்மையான கொர்னாலின், வலேயில் உமாஞ் ரூழ் என்ற பெயரில் விளைவதேதான்; அது நாட்டுச் சிவப்புக்கே பிள்ளை. தகப்பனுக்கு மகனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் இதே ஆய்வு மறுப்பின் மறுபாதியை உடைக்கிறது. பெயர் புதிதானாலும் கொடி, பெற்றோரும் பிள்ளையும் அடையாளம் தெரிந்த பழங்குடும்பத்தைச் சேர்ந்தது. 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய் வழியாக இரு பக்கத்துக்கும் சரக்கும் ஆளும் போய்வந்த காலத்தின் சாட்சி அது. லொய்க்கில் ஒரு வீட்டுச் சுவரில் படர்ந்திருக்கும் கொர்னாலின் கொடி 1798ஐச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. விளம்பரத்துக்காக நேற்று உருவாக்கியதற்கு இவ்வளவு சொந்தபந்தம் இருக்காது. மண்ணின் மைந்தன் என்று விளம்பரத்தில் வருவது மட்டும் சற்று அதிகம். மலை தாண்டி வந்த வம்சம் இது.

மூன்றாவது, அரசும் ஆராய்ச்சியும்தான் மீட்டன என்பது. இதை மறுக்க நான் முனையவில்லை, ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். நோயுற்ற பழங்கொடிகளிலிருந்து வைரஸ் இல்லாத கிளைகளைப் பொறுக்கி எடுத்து நாற்றங்காலுக்குத் தந்த வேலை இல்லாவிட்டால், 1970களில் ஆர்வம் கொண்ட விவசாயிக்கு நடுவதற்குக் கன்று கிடைத்திருக்காது. இன்று 100 ஹெக்டேருக்கு மேல் கொர்னாலின் நிற்கிறது என்றால் அதில் அந்த வேலைக்குப் பங்கு பெரிது. ஆனால் பொறுக்கி எடுப்பதற்கு எங்கேயோ ஏதோ நிற்க வேண்டுமே. நின்றது, தோண்டச் செலவு கட்டாத மூலைகளில். ஆய்வு நிலையம் மீட்டதை, மீட்கும் நிலையில் வைத்திருந்தது யாருடைய திட்டமும் இல்லை.

குடும்ப நிலவறை என்ற அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பழமையின் வடிவம் என்று தோன்றும். வலேயில் தோட்டக்காரனே ஒயின் வடித்து, புட்டியில் அடைத்து, தன் பெயர் ஒட்டி விற்பது பரவலானது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சுவிட்சர்லாந்தில் அளவுக்கு மீறி விளைந்தன. கூட்டுறவும் வணிகர்களும் தொட்டிகளில் தேங்கிய ஒயினைத் தள்ள முடியாமல் தவித்தார்கள், கொள்முதல் சரிந்தது. சொந்தமாக விற்றால்தான் பிழைப்பு என்ற நிலையில், விற்பதற்கு மற்றவரிடம் இல்லாத ஏதாவது வேண்டும். பினோ நுவார் எல்லோரிடமும் இருந்தது. பாட்டன் தோண்டாமல் விட்ட மூலைக்கு அப்போதுதான் விலை வந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த பிறப்பிடப் பெயர்ச் சட்டம் மகசூலுக்கு உச்சவரம்பு வைத்ததும், குறைவாக விளைவதே தகுதியாகிவிட்டது. வீட்டுக் குடிப்புக்கு என்று கிடந்த ஒயின் அரிய ஒயின் ஆனது ஒரே தலைமுறைக்குள். சுவிட்சர்லாந்து தன் ஒயினில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குகூட ஏற்றுமதி செய்வதில்லை என்பதும் அதற்குத் தோள்கொடுத்தது. வெளிநாட்டில் இது கிடைக்காததற்குக் காரணம் குறைந்த விளைச்சல் மட்டுமல்ல, அவர்களே குடித்துவிடுகிறார்கள்.

துண்டு நிலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதே பாகப்பிரிவினை இன்று எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அனிவியேக்காரர்கள் பண்ணைவேலையை விட்டு அணை, சுற்றுலா, ஆலை என்று போய் இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. கீழே இருக்கும் 300 சதுர மீட்டரின் வாரிசுகள் சியோனிலோ லொசானிலோ அலுவலகத்தில் இருக்கிறார்கள். இயந்திரம் ஏறாத படிக்கட்டில் ஒரு ஹெக்டேருக்குப் பிடிக்கும் உழைப்பு, சமவெளித் தோட்டத்தைப் போலப் பல மடங்கு. கூட்டுறவு சோர்ந்துபோய் 2021இல் ஃபெனாக்கோ என்ற பெரிய வேளாண் நிறுவனத்தின் கைக்குப் போனது. சுவர் சரிந்தால் கட்டுவது யார் என்று உடன்பிறந்தவர்கள் மூவர் பேசி முடிப்பதற்குள் முள்செடி வந்துவிடுகிறது; ஒரு காலத்தில் கொடியைக் காத்த அதே தாமதம்தான். சின்னத் துண்டுகளைப் பக்கத்து நிலவறைக்காரரே குத்தகைக்கு எடுத்துச் சேர்த்துச் செய்வது இப்போது நடக்கிறது. அப்படிச் சேர்ந்து ஐந்து ஆறு ஹெக்டேர் ஆன நிலவறைகள்தான் நல்ல கொர்னாலினை ஒழுங்காகச் சந்தைக்குக் கொண்டுவருகின்றன. முரண்டு பிடித்த கொடிக்கு இப்போது காத்திருக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார். அவர் காத்திருப்பதற்கு வாங்குபவர் தரும் விலை ஈடுகட்டுகிறது. அந்த விலை இறங்கினால் பினோ நுவாரையோ, இன்னும் எளிதான வேறொன்றையோ நட அவருக்கு ஒரு பொழுது போதும், ஏனென்றால் அவர் நிலம் இப்போது சேர்ந்திருக்கிறது.